மூன்றாவது சந்தின் கறை

தும்பி மேலே எழும்பியதும் எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். பளிச்சக்கா மட்டும் அது கிளப்பிவிட்ட தூசியைப் பார்த்தாள். காலையில்தான் அந்தத் தரையை இரண்டு தடவை துடைத்திருந்தாள். அப்படியும் நான்கு இறக்கைகளின் காற்றுக்கு எங்கிருந்தோ ஒரு சாம்பல் படலம் கிளம்பி, வெயில் விழுந்த இடத்தில் சாவகாசமாகச் சுற்றியது. இத்தனை நேரம் எங்கே ஒளிந்திருந்தது இந்தச் சனியன் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முதல் வகுப்பு அது. பயிற்சியாளர் சுவரைக் காட்டி, திரையைக் காட்டி, என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். அதில் பாதிக்கு மேல் அவள் காதில் விழவில்லை.

அது ஒரு செருப்புக் கிடங்கு. தகரக் கூரைக்கு அடியில், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு உயரமான அடுக்குகள். அடுக்குகளுக்கு நடுவே நீளநீளமான நடைபாதைகள். அவற்றை எல்லோரும் சந்து என்றுதான் சொல்வார்கள். பளிச்சக்கா அங்கே துப்புரவுப் பிரிவில் இருந்தாள். அவள் துடைத்துவைத்த கண்ணாடிக் கதவில் ஒரு தடவையாவது மூக்கை இடித்துக்கொள்ளாத ஆள் அந்தக் கிடங்கில் கிடையாது. பெயர் வந்த கதை அதுதான். இப்போது தரையைத் துடைக்க மெஷின் வருகிறதாம், மாதக் கடைசியோடு துப்புரவுப் பிரிவை மூடப்போகிறார்களாம். பெட்டிகளை எண்ண இந்தத் தும்பி என்கிற பறக்கும் ரோபோவும் வந்துவிட்டது. யாரும் ஓட்ட வேண்டாம், தானே பறக்கும், தானே திரும்பி வரும். ஆனாலும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. இருப்பவர்களிலேயே ஒருவரைப் பழக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொன்னார். ஒரே ஒரு வேலை. ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து பேர் ஆர்வமாக வந்தார்கள். கணக்கும் கோணமும் தலைகாட்டியதும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்தி பளிச்சக்கா. இன்னொருத்தி, வேறு யார், அவளுடைய நாத்தனார்தான்.

நாத்தனார் அதே கிடங்கில் பெட்டி கட்டும் பிரிவில் இருந்தாள். புருஷனோடு ஒத்துவராமல் ஒரே ஒரு சூட்கேஸோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். சூட்கேஸ் ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து வெளியே வந்த சாமான்களுக்குக் கணக்கில்லை. கழற்றிய சாக்ஸ் ஒன்று சோபாவில் இருந்தால் இன்னொன்று ஜன்னலில் இருக்கும். குடித்த டம்ளர் குடித்த இடத்திலேயே நிற்கும். பளிச்சக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. அவள் பின்னாலேயே போய் எடுத்து வைப்பாள், துடைப்பாள், மடிப்பாள். பேசாமல் செய்வதுதான் பெருந்தன்மை என்பது அவள் எண்ணம். அந்தப் பேசாமையே நாத்தனாருக்கு ஊசி மாதிரி குத்தியது என்பது அவளுக்குத் தெரியாது.

"இந்த வேலை கெடச்சா தனியா ஒரு ரூம் பாத்துட்டுப் போயிருவேன் அண்ணி," என்று ஒரு நாள் பஸ்ஸில் நாத்தனார் சொன்னாள்.

"ஏன், இங்க என்ன குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்ல. என் இஷ்டத்துக்குக் குப்பையா வெச்சுக்கணும். அவ்வளவுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு பளிச்சக்காவுக்கு மனசு என்னவோ செய்தது. வேலை அவளுக்கும்தான் வேண்டும். துடைக்கிறதைத் தவிர வேறு எதுவும் தெரியாத தன்னை இந்த வயதில் வேறு எந்தக் கிடங்கு கூப்பிட்டு வேலை கொடுக்கும்? வீட்டில் உட்கார்ந்தால் அதே நான்கு சுவரைத் துடைத்துத் துடைத்துப் பைத்தியம் பிடித்துவிடும். இதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியில் யாரோ தலை சாய்த்த எண்ணெய்த் தடத்தைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தாள்.

பயிற்சியாளர் முப்பது வயதுக்காரர். எதைக் கேட்டாலும் முதலில் "நல்ல கேள்வி" என்பார். டீ இன்னும் வரலையா என்று கேட்டால்கூட "நல்ல கேள்வி"தான். பொறுமைசாலி. தும்பி என்று நாத்தனார் வைத்த பெயரை அவரும் எடுத்துக்கொண்டார். கூரைக்குக் கீழே வானத்துச் சிக்னல் எதுவும் வராது, அதனால் தும்பி தன் கண்ணை நம்பித்தான் பறக்க வேண்டும் என்றார். முதல் தடவை கையில் பிடித்து நடத்திக் கூட்டிப்போனால் வழியெல்லாம் படம் எடுத்துத் தனக்கென்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளும். பிறகு பறக்கும்போது எதிரே தெரிவதை அந்தப் படத்தோடு ஒத்துப் பார்த்து, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். கணக்கில் துளித்துளியாகப் பிசகு சேரும். அதையும் அதுவே சொல்லிவிடும். திரையில் தும்பி ஒரு சின்னப் புள்ளி, அதைச் சுற்றி ஒரு வளையம். இந்த வளையத்துக்குள் எங்கேயோ இருக்கிறேன் என்று அர்த்தம். போகப்போக வளையம் பெருக்கும். ஏற்கெனவே பார்த்த ஒன்று கண்ணில் பட்டதும் சட்டென்று சுருங்கும். ரொம்பப் பெருத்துவிட்டால் தும்பி வீம்பு பிடிக்காது. எனக்கு வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே இறங்கி உட்கார்ந்துவிடும்.

அந்த வளையம் சுருங்குவதைப் பார்ப்பது பளிச்சக்காவுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. பயந்துபோன குழந்தை அம்மாவைக் கண்டதும் அழுகையை நிறுத்துமே, அந்த மாதிரி. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அந்த நேரத்தில் கண்ணாடியைத் தேடி மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அப்படி ஒரு வளையம் வாங்கிக் குடு," என்றார். "வெச்ச பொருள் வெச்ச எடத்துல இருந்தாத்தானே மனுஷன் பொழைக்க முடியும்? ரேடியோ மேல வெச்சேன்."

"ரேடியோ மேலயா கண்ணாடி வைப்பாங்க? அலமாரில அதுக்குன்னு டப்பா இருக்கே."

"பாரு, எனக்கு ரேடியோதான் தெரியும். டப்பா உனக்குத்தான் தெரியும். பாப்பா, இந்த வீட்ல நானும் தூசியும் ஒண்ணு. என்னிக்காவது ஒரு நாள் ரெண்டையும் சேத்துக் கூட்டி வெளிய தள்ளிருவா உங்க அண்ணி."

பாப்பா என்றது தங்கையை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பளிச்சக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டப்பாவிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

தேர்வுக்கு ஆளுக்கொரு சந்து ஒதுக்கினார்கள். அவரவர் சந்தை அவரவரே தும்பிக்குப் பழக்க வேண்டும். தேர்வு நாளில் அது தானாகப் போய், பெட்டிகளை எண்ணி, தானாகத் திரும்ப வேண்டும். பளிச்சக்காவுக்கு இரண்டாவது சந்து. இரண்டு பக்கமும் திறந்த அடுக்குகள், பல நிறங்களில் பெட்டிகள். நாத்தனாருக்கு மூன்றாவது. அது கொஞ்சம் தகராறு பிடித்த இடம். ஒரு பக்கம் ஒரே மாதிரி சாம்பல் நிற ஷட்டர் போட்ட அலமாரிகள், மறு பக்கம் நெடுக வெள்ளைச் சுவர். ஆனாலும் நாத்தனார் சூட்டிகை. தும்பியைக் கையில் ஏந்திக்கொண்டு சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிதானமாக நடந்து, நின்று, திருப்பிக் காட்டி, அதற்கு எல்லாவற்றையும் அறிமுகம் செய்துவைத்தாள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்கத் தெரியாதவளுக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று பளிச்சக்கா அதிசயப்பட்டாள். ஒத்திகையில் தும்பி மூன்றாவது சந்துக்குள் போய்ப் பிசகாமல் திரும்பியது. பயிற்சியாளர் கை தட்டினார்.

"எப்படிடீ பிடிச்ச?" என்று பளிச்சக்கா கேட்டாள்.

"பஸ்ல தூங்கிட்டு முழிச்சா என்ன பண்ணுவோம் அண்ணி? வெளிய எட்டிப் பாப்போம்ல, டெய்லர் கடை வந்துருச்சா, தண்ணி டேங்க் வந்துருச்சான்னு. இதுவும் அப்படித்தான்."

பளிச்சக்காவுக்கு அது பளிச்சென்று புரிந்தது. புரிந்ததாக நினைத்துக்கொண்டாள். அடுக்குகளிலும் அலமாரிகளிலும் கோடுகோடாக எண் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. பெட்டியை எண்ணும்போது தும்பி அதைத்தான் படிக்கும். கடைக்குப் பெயர்ப்பலகை மாதிரி, தும்பி வழி பார்ப்பதும் அதை வைத்துத்தான் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். அதுதானே முறை? வழி தெரிய வேண்டுமென்றால் அதற்கென்று ஒட்டிவைத்ததைத்தானே பார்க்க வேண்டும்? வேறு எதைப் பார்ப்பது?

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம். நாத்தனார் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். பளிச்சக்கா தன் சந்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று போனவள், திரும்பும்போது மூன்றாவது சந்துக்குள் தலையை நீட்டினாள். அங்கேயே நின்றுவிட்டாள். கடவுளே, இது என்ன சுவரா! மார்பு உயரத்தில் யாரோ எப்போதோ டீயைக் கொட்டிய பெரிய பழுப்புக் கறை. சாய்ந்து நின்று பேசுகிறவர்கள் ஒரு காலை மடக்கி ஊன்றிய ஷூத் தடங்கள். மேலேயிருந்து துரு வழிந்த கோடு. கிழிந்த அறிவிப்பின் பசை, அதன் ஓரத்தில் யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம். நாளைக்கு மேலாளர் இந்த வழியாகத்தான் வருவார். நம் வீட்டுப் பெண்ணின் சந்து இப்படியா இருக்க வேண்டும்? அவளைப் பற்றி என்ன நினைப்பார்கள், அவளைவிட, என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

கை தானாக ஏப்ரன் பைக்குள் போய்த் துணியை எடுத்தது. சோப்புத் தண்ணீர், பழைய பிரஷ், சூயிங்கத்துக்கு ஒரு தகடு. டீக்கறை லேசில் மசியவில்லை. விட்டேனா பார் என்று தேய்த்தாள். அலமாரிகளின் எண் ஸ்டிக்கர்களை மட்டும் தண்ணீர் படாமல், காய்ந்த துணியால், ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். தும்பி அதைத்தானே பார்க்கும், பாவம். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது சுவர் பால் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. துடைத்ததைச் சொல்லிக்காட்டும் வழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது.

மறுநாள் பளிச்சக்காவின் முறை முதலில். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் தும்பிக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. எழும்பியது, சந்துக்குள் நுழைந்தது, எண்ணியது, திரும்பி வந்து புறப்பட்ட இடத்திலேயே இறங்கியது. வளையம் கடைசிவரை சுண்டு விரல் நகம் அளவைத் தாண்டவில்லை. மேலாளர் தலையசைத்தார். நாத்தனார் ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு நாத்தனாரின் முறை. தும்பி மூன்றாவது சந்துக்குள் நுழைந்தது. வளையம் மெல்லப் பெருத்தது. அது இயல்புதான். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சுருங்க வேண்டும். சுருங்கவில்லை. காசு அளவு இருந்தது தட்டு அளவாயிற்று. தும்பி வேகத்தைக் குறைத்தது. வெள்ளைச் சுவரின் எதிரே நின்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது, வலப்பக்கம் திரும்பிப் பார்த்தது. தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவர் நிற்பதுபோல நின்றது. திரையில் சிவப்பு எழுத்து வந்தது. தும்பி மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"நேத்து நல்லாத்தானே போச்சு," என்றாள் நாத்தனார். போய்த் தும்பியைத் தூக்கி, சட்டைக் கையால் அதன் கண்ணைத் துடைத்தாள். பயிற்சியாளர் பேட்டரியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். மேலாளர், "சரி, ஒருத்தருக்கு வந்திருச்சு, ஒருத்தருக்கு வரல. இதுல பேசுறதுக்கு என்ன இருக்கு?" என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

பயிற்சியாளர் மனசு கேட்காமல் ஒத்திகையில் தும்பி எடுத்த படங்களைத் திரையில் ஓட்டினார். தும்பி எதை எதைப் பிடித்துக்கொண்டு வழி பார்க்கிறதோ, அங்கெல்லாம் பச்சைப் புள்ளி விழும். ஷட்டர்களில் ஒன்றும் இல்லை. எண் ஸ்டிக்கர்களில் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். ஒரே மாதிரி இருப்பவற்றை வைத்து அது என்ன செய்யும்? ஆனால் சுவரில் இருந்த டீக்கறையில் பச்சைப் புள்ளிகள் ஈ மாதிரி மொய்த்திருந்தன. ஷூத் தடத்தில் ஒரு கூட்டம். துருக் கோடு நெடுகிலும் ஒரு வரிசை. சூயிங்கத்தில்கூட ஒன்று, நட்டநடுவில்.

அந்தக் கறையின் வடிவம் பளிச்சக்காவின் கைக்குத் தெரியும். வலது ஓரத்தில்தான் ரொம்ப அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சுவரைப் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. சுவர் சுத்தமாக இருந்தால் யார் கண்ணுக்குத்தான் தெரியும்? இத்தனை வருஷ வேலையில் அவள் கற்றது அது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேலை அவளுக்கு. வாயைத் திறந்தால் வேண்டுமென்றே கெடுத்தாள் என்பார்கள். நாத்தனாரே அப்படி நினைப்பாள். நினைத்தால் தப்பா? உண்மையிலேயே எனக்குத் தெரியாதா, இல்லை, அந்த முதல் வகுப்பில் காதில் விழுந்த பாதியில் இதுவும் இருந்ததா? அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அவளைச் சுற்றியும் ஒரு வளையம் பெருத்துக்கொண்டே போயிற்று.

நாத்தனார் தும்பியின் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. துடைக்கவே தெரியாத கை, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தது.

"நான்தான் தொடச்சேன்," என்றாள் பளிச்சக்கா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தச் செவுர. நேத்து சாயந்தரம். எல்லாத்தையும் தேச்சு எடுத்துட்டேன்."

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதை வெச்சுத்தான் அது வழி பாக்குதுன்னு தெரிஞ்சே பண்ணீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "தெரிஞ்சு பண்ணேனா இல்லையான்னு தெரியல சார்," என்றாள். "நெஜமாவே தெரியல."

நாத்தனார்தான் வாயைத் திறந்தாள். அவள் குரலில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. "அவங்க கண்ணுல அழுக்கு பட்டா கை நிக்காது சார். எங்க அண்ணன் அவர் வீட்லயே டெய்லி தொலைஞ்சுபோறாரு." சொல்லிவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பளிச்சக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் தேவலை.

மேலாளர் பெருமூச்சு விட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஒரு தடவை பார்க்கலாம், ரெண்டு பேர் விஷயத்தையும் சாயங்காலம் முடிவு பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில், "செவுரு என்னமோ நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"சார், புதுசா பழக்கிடலாம்ல?" என்றாள் நாத்தனார்.

பயிற்சியாளர் இந்தத் தடவை நல்ல கேள்வி என்று சொல்லவில்லை. கையில் டீ டம்ளரோடு வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எதைக் காட்டிப் பழக்குறது? இப்ப இதுல ஒண்ணுமே இல்லையே. புடிச்சுக்க ஏதாவது இருக்கணும்."

பளிச்சக்கா சுவரைப் பார்த்தாள். பால் மாதிரிதான் இருந்தது. அவள் பார்த்த சுவர்களிலேயே இவ்வளவு சுத்தமாக ஒன்றைப் பார்த்ததில்லை. பயிற்சியாளரிடம் போய், "குடுங்க சார்," என்று டம்ளரை வாங்கினாள். கழுவத்தான் வாங்குகிறாள் என்று அவர் நினைத்திருப்பார். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டீயை வீசினாள்.

சத்தம் பளாரென்று கேட்டது. கண்ணைத் திறந்தபோது சுவரின் நடுவில் பழுப்பாக ஒரு பெரிய கறை, அதிலிருந்து கீழே ஓடும் நாலைந்து கால்கள். பளிச்சக்கா வலது ஷூவைக் கழற்றினாள். வாசலுக்கு வெளியே இருந்த ஈர மண்ணில் அதை நன்றாக அழுத்தி எடுத்துவந்து, சுவரில் ஓர் இடத்தில் அடித்தாள். தள்ளிப்போய் இன்னோர் இடத்தில் அடித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அதை மட்டும் துடைக்கவில்லை.

"கொஞ்சம் மேல, அண்ணி," என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து. "எல்லாம் ஒரே உயரத்துல இருந்தா அதுக்குக் குழப்பும்." பிறகு அவளும் தன் ஷூவைக் கழற்றினாள்.

கறை காய்ந்ததும் நாத்தனார் தும்பியைக் கையில் ஏந்தி, மறுபடியும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். சாப்பாடு யாருக்கும் நினைவில்லை. மேலாளர் வந்து சந்து முனையில் நின்றார். சுவரைப் பார்த்துவிட்டு என்னவோ கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. தும்பி எழும்பியது. தூசி கிளம்பியது. இந்தத் தடவை பளிச்சக்கா தும்பியைத்தான் பார்த்தாள்.

அது சந்துக்குள் நுழைந்து சாம்பல் ஷட்டர்களைத் தாண்டியது. வளையம் காசு அளவுக்கு வந்தது. தட்டை நோக்கிப் போயிற்று. டீக்கறையின் எதிரே வந்ததும் தும்பி நின்றது. சுவரின் வெள்ளையில் அந்தப் பழுப்பு, பார்க்கச் சகிக்காமல், கன்னத்தில் அறைவதுபோல இருந்தது. ஒரு சொட்டு வழிந்து பாதியில் காய்ந்து நின்ற இடம் பளிச்சக்காவின் கண்ணை உறுத்தியது. நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் போய்விடும்.

"அண்ணி, கை," என்றாள் நாத்தனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பைக்குள்ளதான் இருக்கு."

பைக்குள் அவள் கை துணியைக் கசக்கிப் பிடித்திருந்தது. தும்பி கறையின் எதிரே மிதந்துகொண்டு, தலையை இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி, எங்கேயோ பார்த்த முகத்தை ஞாபகப்படுத்திக்கொள்பவர் மாதிரி, அதையே பார்த்துக்கொண்டிருந்தது.